லவுட்ஸ்பீக்கர் டீச்சர்

“போன்ல தலை வெட்டுப்படுது. கொஞ்சம் குனி,” என்றான் கணவன்.

“குனிஞ்சுக்கிட்டே எப்படி எழுதறது? போனை மேலே தூக்குங்க.”

போன் நாற்காலியின் மேல் இருந்த பிஸ்கட் டப்பாவில் சாய்ந்து நின்றது. கணவன் டப்பாவுக்கு அடியில் ஒரு தடித்த அகராதியை நுழைத்தான். கட்டிலைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். நிலைக்கண்ணாடி இருந்த இடத்தில் வெள்ளைப் பலகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் சத்தம் கேட்காத ஒரே அறை இந்தப் படுக்கையறைதான்.

“இந்தத் தடவை இருமாதீங்க. எது நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது.”

“வீடு பத்திக்கிட்டா?”

“கையைக் காட்டுங்க, போதும்.”

அவன் பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுன்ட்டரில் உட்காருபவன். எந்த பஸ் எங்கே நிற்கும், எப்போது கிளம்பும் என்று வாரம் முழுவதும் சொல்லி ஓய்ந்த வாய். ஞாயிற்றுக்கிழமை அதை மூடி வைப்பதில் அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு உதட்டில் விரலை வைத்துக்கொண்டான்.

அவள் பலகையில் எழுதினாள்: 5 − (x − 3) = 2.

“அடைப்புக்குறியைப் பார்த்தா முதல்ல என்ன பண்ணுவோம்? பிரிப்போம்,” என்று தொடங்கினாள். எட்டாம் வகுப்புப் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நடத்துவாள். அடுத்த வரியில் 5 − x − 3 = 2 என்று எழுதிவிட்டுத் திரும்பினாள். இடது கையை இடுப்பில் வைத்தபடி போனையே பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. கணவன் போனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவள் அவனைக் கவனிக்கவில்லை. பிறகு பலகைப் பக்கம் திரும்பி மேலே எழுதிக்கொண்டு போனாள். கடைசி வரியில் x = 0 வந்தது.

“பூஜ்யம் வந்துடுச்சேன்னு பயப்படாதீங்க. பூஜ்யமும் விடைதான்,” என்று சிரித்தாள்.

கணவன் பொத்தானை அழுத்தி நிறுத்தினான். “நடுவுல ஏன் நின்னுட்டே? மறந்துட்டியா?”

“மூச்சு விட்டேன். நிறுத்தி நிறுத்திப் பேசணும்னு டாக்டர் சொல்லியிருக்காரே.”

அவளும் அப்படித்தான் நம்பினாள். மதியத்துக்குள் வீடியோ பள்ளியின் தளத்துக்குப் போய்விட்டது.

பள்ளியில் அவளை லவுட்ஸ்பீக்கர் என்பார்கள். மாணவர்கள் வைத்த பெயர். ஆசிரியர்களும் பின்னால் அதையே சொன்னார்கள். இரண்டாம் மாடியில் அவள் பின்னம் நடத்தினால் கீழே சைக்கிள் ஷெட்டில் நிற்பவருக்கும் பின்னம் புரிந்துவிடும் என்பது வாட்ச்மேன் சொன்ன ஜோக். அதைக் கேட்டு அவள் கோபப்படவில்லை. உள்ளுக்குள் பிடித்திருந்தது.

வேலைக்கு வந்த புதிதில் அவளுக்குக் குரலே கிடையாது. பிரசவ விடுப்பில் போன ஒருத்திக்குப் பதிலாக வந்தவள். முதல் நாள் கடைசி பெஞ்ச் கேட்கலை, கேட்கலை என்று பாட்டாகவே பாடியது. வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்ப்பாட்டைக் கத்திப் பழகினாள். இந்தச் சத்தத்துக்கு வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்று அப்பா வெளியிலிருந்து சொன்னார். பழகிய குரல் பிறகு இறங்கவேயில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதும் அதே குரலில்தான் வாங்க என்றாள். பஸ் நிலையத்தில் வேலை பார்ப்பவனுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

குரல் அவளுக்குச் சோறு மட்டும் போடவில்லை. பலகை முன்னால் நின்று ஒரு கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இழுத்துக்கொண்டு போகும்போது வகுப்பு முழுவதும் அவள் கையின் பின்னால் வரும். அந்த நேரத்தில் அவளுக்கு வீட்டுக் கவலை, முழங்கால் வலி எதுவும் கிடையாது. மகள் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்து வீடு காலியான வருடம், லீவு நாட்களைவிட வேலை நாட்கள் அவளுக்குச் சுலபமாக இருந்தன.

போன வருடம் தொண்டை கரகரத்தது. மாத்திரை, ஆவி பிடித்தல், வெந்நீர் எல்லாம் ஆயிற்று. டாக்டர் ஒரு மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையில் காய்ப்பு என்றார். கையில் காய்ப்பது போல. கத்துவதைக் குறைக்கச் சொன்னார்.

“என்ன வேலைம்மா பாக்கறீங்க?”

“கணக்கு டீச்சர்.”

“கணக்கைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லக் கூடாதா?”



இந்த நேரத்தில்தான் பிரின்சிபால் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தாள். இனிமேல் பாடம் வீட்டில், வீட்டுப்பாடம் வகுப்பில். டீச்சர் பாடத்தைச் சின்ன வீடியோவாக எடுத்துப் போட வேண்டும். பிள்ளைகள் முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் கணக்குப் போட வேண்டும். டீச்சர் பேசாமல் பெஞ்ச் பெஞ்சாகப் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கு ஃபிளிப்டு கிளாஸ் என்று பெயர்.

“அப்ப கிளாஸ்ல நமக்கு என்ன வேலை?” என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டாள் பயாலஜி டீச்சர். “கல்யாண வீட்ல சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களான்னு கேட்டுக்கிட்டே சுத்துவாங்களே, அந்த மாதிரியா?”

“நீ சுத்து. எனக்கு முழங்கால் வலி,” என்றாள் கணக்கு டீச்சர்.

முதல் வாரங்கள் அவளுக்குத் தண்டனையாக இருந்தன. பலகையில் தேதியைத் தவிர எழுத ஒன்றுமில்லை. பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்பவள் போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு தடவை தாங்க முடியாமல் சாக்பீஸை எடுத்து முழுப் பாடத்தையும் மறுபடி நடத்திவிட்டாள். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. வீடியோ பார்க்காதவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பிடித்திருந்தது.

பிறகு வேறு வழியில்லாமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். நடந்தபோது சில விஷயங்கள் கண்ணில் பட்டன. நன்றாகப் படிப்பவன் என்று அவள் நினைத்திருந்த நெட்டைப் பையன், டெஸ்கின் அடியில் விரல் விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தான். ஒருத்தி சமக்குறியை ‘அடுத்து’ என்ற பொருளில் வரிக்கு வரி போட்டுக்கொண்டு போனாள். எழுதுவதற்கு முன்னால் அழிக்கத் தொடங்குகிறவர்கள் இருந்தார்கள். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையின் பேனா காகிதத்தில் நகர்வதை அவள் நின்று பார்த்ததே இல்லை. முடிந்த விடைகளைத்தான் பார்த்திருந்தாள். புரிஞ்சுதா என்று கேட்டால் புரிஞ்சுது மிஸ் என்று வகுப்பே சொல்லும். அதைக் கேட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறாள்.

இது தெரிந்த நாட்களில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. பழைய பிள்ளைகளின் முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அவர்களும் இப்படித்தான் தலையாட்டியிருப்பார்கள்.

வீடியோக்கள் என்னவோ நன்றாக வந்தன. குரலைத் தாழ்த்திப் பேசினாலும் போதும், மைக் பிடித்துக்கொண்டது. அவள் கையெழுத்தும், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும் விதமும் எல்லாருக்கும் பிடித்தன. பள்ளியின் மற்றக் கிளைகளிலும் அவளுடைய வீடியோவையே போட்டார்கள். பெற்றோர்கள்கூடப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

போன வாரம் பிரின்சிபால் அவளை அறைக்குக் கூப்பிட்டாள். உட்காரச் சொல்லிவிட்டுத் தானே எழுந்து கதவைச் சாத்தினாள்.

“டீச்சர், கீழே பழைய லேபை ரெக்கார்டிங் ரூமா மாத்தறோம். அடுத்த டேர்ம்லேர்ந்து எல்லாக் கிளைக்கும் கணக்கு வீடியோ நீங்கதான். கிளாஸ் வேண்டாம். மாடிப்படி ஏற வேண்டாம், கத்த வேண்டாம். உங்க தொண்டைக்கும் நல்லது.”

“என் கிளாஸ்?”

“புது சார் பாத்துப்பார். பாடம்தான் நீங்க நடத்திடறீங்களே. அவர் பிள்ளைங்க கூட நின்னாப் போதும்.”

புது சார் கணக்குக்கு இந்த வருடம்தான் சேர்ந்தவன். அவன் பேசுவது அவனுக்கே கேட்காது என்பது பயாலஜி டீச்சரின் கட்சி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றாள் பிரின்சிபால்.

கணவனுக்கு யோசிக்கவே ஒன்றுமில்லை. “ரெண்டு மாடி ஏறி இறங்கி, தொண்டை போய், அப்புறம் சைகையில பாடம் நடத்தப் போறியா? ஒத்துக்கோ.”

அவளுக்கும் ஆசை இருந்தது. பேசுவதுதான் அவளுக்குப் பிடித்த பாதி. அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொள், மற்றது வேண்டாம் என்கிறார்கள். ஆனாலும் சரி என்ற சொல் வாய்வரை வந்து நின்றது. பிள்ளைகளை விட்டுப் போவதா என்ற பேச்சையெல்லாம் அவள் நம்புகிறவள் இல்லை. வருடா வருடம் ஒரு வகுப்பை அனுப்பிவிட்டு மறுபடி முதல் பாடத்தை எடுக்கிறவள்தான். ஏன் தயங்குகிறோம் என்று தெரியாமலே ஞாயிற்றுக்கிழமை வீடியோவை எடுத்தாள்.

திங்கட்கிழமை மூன்றாம் பீரியட். அதே வகைக் கணக்குகளைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சுகளுக்கு நடுவே இறங்கினாள். முதல் பெஞ்சில் தப்பு. அடைப்புக்குறியைப் பிரித்தபோது உள்ளே இருந்த மைனஸ் பிளஸ் ஆகவில்லை. பக்கத்தில் இருந்தவளுக்கும் அதே தப்பு. பின்னால் இருந்தவனுக்கும். நாலு பெஞ்ச் தாண்டியும் அதே தப்புதான்.

“என்ன, எல்லாரும் ஒரே எலையில சாப்பிட்ட மாதிரி இருக்கு?” என்று நெட்டையின் தாளை எடுத்தாள். “யாரைப் பாத்துடா எழுதினே?”

“உங்களைப் பாத்துத்தான் மிஸ்.”

வகுப்பு சிரித்தது. அவன் கிண்டல் செய்யவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“என்னையா?”

“வீடியோல அப்படித்தானே மிஸ் போட்டீங்க.”

அவள் பள்ளி டேப்லெட்டை எடுத்து வீடியோவைப் போட்டாள். பிள்ளைகள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். திரையில் அவள் 5 − x − 3 என்று எழுதினாள். திரும்பினாள். கையை இடுப்பில் வைத்தாள். காத்திருந்தாள்.



வகுப்பில் அவள் வழக்கமாகச் செய்வது அது. இந்தப் பாடத்தில், இந்த வரியில், வேண்டுமென்றே தப்பாக எழுதிவிட்டுத் திரும்பி நிற்பாள். தூங்குகிறவர்கள் யார், முழித்திருக்கிறவர்கள் யார் என்று தெரியும். கொஞ்ச நேரத்தில் ஒரு மூலையிலிருந்து ‘மைனஸ் மிஸ்’ என்று ஒரு குரல் வரும். பிறகு வகுப்பே கத்தும். அடடா, என்னைக் காப்பாத்திட்டீங்க என்று சொல்லி அழித்துத் திருத்துவாள். திருத்தம் எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. அவளுக்குப் பழக்கமானது எழுதுவதும் காத்திருப்பதும் மட்டும்தான். படுக்கையறையில் கை தானாக எழுதியது, கால் தானாகத் திரும்பியது, கண் தானாகக் காத்திருந்தது. அங்கே குரல் கொடுக்க ஒருவன்தான் இருந்தான். அவன் வாயைத் திறக்கக் கூடாது என்று அவளே சொல்லியிருந்தாள்.

திரையில் அவள் “பூஜ்யமும் விடைதான்” என்று சிரித்தாள். டீச்சர் டேப்லெட்டை அணைத்தாள்.

“தப்பு என்னுது,” என்றாள். “எல்லாரும் உக்காருங்க.”

மிச்சமிருந்த பெஞ்சுகளையும் பார்த்தாள். ஜன்னலோரத்தில் ஒருத்தி இருந்தாள். வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்குகிறவள். வீடியோவில் வந்த கணக்கை வீட்டிலேயே தன் தாளின் மேல்பகுதியில் போட்டுப் பார்த்திருந்தாள். x = 6 என்று எழுதி, அதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 0 என்று எழுதியிருந்தாள்.

“ஆறு எப்படி வந்துச்சு?”

அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தாள். “மைனஸ் உள்ள போனா மூணு பிளஸ் ஆகும்ல மிஸ்.”

“ஆகும். அப்ப ஏன் அடிச்சே?”

“நீங்க பூஜ்யம்னு சொன்னீங்க.”

“தப்புன்னு தோணலையா?”

“தோணுச்சு மிஸ். நான் சொன்னேன்.”

“யார்கிட்ட?”

“உங்ககிட்டதான். வீட்ல. நீங்க இடுப்புல கை வெச்சுக்கிட்டு நின்னீங்க இல்ல, அப்ப சொன்னேன். மைனஸ் மிஸ், மைனஸ் மிஸ்னு. ரெண்டு மூணு தடவை.” அவள் குரல் இன்னும் தணிந்தது. “நீங்க போய்க்கிட்டே இருந்தீங்க. யார்கூடடி சண்டைன்னு அம்மா உள்ளேர்ந்து கேட்டாங்க.”

பக்கத்துப் பெஞ்ச் சிரித்தது. அந்தப் பெண்ணும் லேசாகச் சிரித்தாள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணின் பேனாவை வாங்கிப் பூஜ்யத்தை அடித்துவிட்டு, ஆறுக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டாள்.

மதியம் பிரின்சிபால் அறைக்குத் தானாகவே போனாள். நடந்ததைச் சொன்னாள். பிரின்சிபால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயே போனை எடுத்து அந்த வீடியோவைத் தளத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னாள்.

“இதுக்கு ஏன் டீச்சர் முகம் இப்படி இருக்கு? இனிமே போடறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் பாக்கட்டும். புது சாரே பாப்பார். தப்பு எல்லாருக்கும் வரும்.”

“தப்பு பெரிசில்ல மேடம்.”

“அப்புறம்?”

“நான் நின்னு காத்திருக்கேன். பதில் வந்திருக்கு. எனக்குக் கேக்கல.”

பிரின்சிபால் பேனாவை மூடி வைத்தாள். “வீடியோன்னா அப்படித்தான். அதனாலதானே கிளாஸ்ல ஒருத்தர் நிக்கறார்.”

“அது நானா இருக்கணும்.”

“வீடியோ?”

“ரெண்டும் முடியுமா?”

“எல்லாக் கிளைக்கும் எடுக்கணும்னா நாள் பூரா கீழே உக்காரணும். ரெண்டும் முடியாது. உங்களுக்கே தெரியும்.”

“அப்ப வீடியோவை அவரே எடுக்கட்டும்.”

“அவரா? தாலாட்டுப் பாடற மாதிரி பேசறார். உங்க மாதிரி அவருக்கு வராது. யோசிங்க. வெள்ளிக்கிழமைவரைக்கும் டைம் இருக்கு.”

“யோசிச்சுட்டேன் மேடம். சரியாச் சொன்னாப் போதும். அது அவருக்கு வரும்.”

“ஊர் பூரா உங்க குரலைக் கேக்கட்டும்னு நான் சொல்றேன். நீங்க ஒரு ரூம் போதுங்கறீங்க.”

“ஆமா,” என்றாள் டீச்சர்.

சொல்லிவிட்டு வெளியே வந்தபிறகுதான் எதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று உறைத்தது. பலகை முன்னால் நின்று கணக்கை இழுத்துக்கொண்டு போகும் அந்த நேரம் இனி வகுப்பிலும் கிடையாது, வீடியோவிலும் கிடையாது. புது சார் அதைச் சொல்வான். ஏற்றம் இறக்கம் இல்லாமல், சிரிப்பு இல்லாமல், ஒரு வரி விடாமல் சொல்வான். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வருவார்கள். அவளுக்கு மிஞ்சுவது குனிவது, பார்ப்பது, கேட்பது. அதில் அவளுக்கு இன்னும் பெரிய பழக்கமில்லை. இந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது அது.

படிக்கட்டில் பயாலஜி டீச்சர் எதிரே வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு நின்றாள்.

“உங்களுக்கு என்ன பைத்தியமா? ஏசி ரூம். நாற்காலி. பேச மட்டும் செய்யணும். நானா இருந்தா வாசல்ல படுத்துக் கிடப்பேன்.”

“நீ போய்க் கேளு. தவளையை வெச்சு வீடியோ எடு.”

“தவளைக்கே சம்மதம்னு வெச்சுக்கோங்க. இந்த மூஞ்சியை யார் பாப்பாங்க?”

சாயங்காலம் கணவன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னாள். வீடியோவில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னாள். அவன் ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“நான்தான் அப்பவே கேட்டேனே, நீ ஏன் நின்னேன்னு.”

“தப்புன்னு தெரிஞ்சுதா உங்களுக்கு?”

“எனக்கு என்ன தெரியும்? நீ யாரையோ எதிர்பாக்கற மாதிரி இருந்துச்சு. பஸ் வரலைன்னா ஜனங்க நிப்பாங்களே, அந்த மாதிரி.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“சரி. பேசாம உன்னால இருக்க முடியுமா?” என்றான்.

“கிளாஸ்ல மெதுவாப் பேசலாம். பெஞ்சுக்குப் பக்கத்துல குனிஞ்சு சொன்னாப் போதும். தொண்டைக்கும் ஒண்ணும் இல்ல.”

“மிச்சப் பேச்செல்லாம்?”

“வீட்ல பேசறேன்.”

“அதான் பயமா இருக்கு,” என்று அடுத்த ஷூவைக் கழற்றினான். கொஞ்ச நேரம் கழித்து, வருத்தமா என்று கேட்டான். ஆமாம் என்றாள். 

செவ்வாய்க்கிழமை காலை மழை தூறியது. முதல் பீரியட் அவளுக்கு வகுப்பில்லை. பாதி மாற்றியிருந்த பழைய லேபில் புது சார் ரெக்கார்டிங் ஒத்திகைக்கு உட்கார்ந்திருந்தான். கதவில் சத்தம் போடாதீர்கள் என்று ஒட்டியிருந்தது. அவள் அந்த வழியாகப் போய் நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாம் பீரியடில் ஜன்னலோரப் பெண் வரவில்லை. காய்ச்சல் என்று அவள் அம்மா ஆபீசுக்குப் போன் செய்திருந்தாள். நெட்டை உட்பட ஐந்தாறு பேர், அவள் முன்பே எடுத்துப் போட்டிருந்த புதிய பாடத்தின் வீடியோவைப் பார்க்காமல் வந்திருந்தார்கள். அவர்களைச் சுவரோரம் உட்கார வைத்து டேப்லெட்டில் பார்க்கச் சொன்னாள். மற்றவர்களுக்கு வயதுக் கணக்குகளைக் கொடுத்தாள். முதல் பெஞ்சில் அப்பாவின் வயது மகளின் வயதைவிடக் குறைவாக வந்திருந்தது. எங்கே தொடங்கினாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் நின்றாள். அதற்கு நேரம் பிடித்தது. பின்வரிசையில் இரண்டு பேர் அரட்டை அடித்தார்கள். பாதி வகுப்பைத்தான் பார்க்க முடிந்தது, மணி அடித்துவிட்டது. முதுகு வலித்தது. தாள்களை வாங்கிக்கொண்டு இறங்கி ஸ்டாஃப் ரூமுக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். அடுத்த பீரியட் ஏழாம் வகுப்பு.